களம் மாறிய ஆசான்

(திருவனந்தபுரத்தில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற நாம் முன்வந்துள்ளோம். அதற்குக் காரணம் நம் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வியே ஆகும்.

கேரளமும் தமிழ்நாடும் ஒரு களத்தில் எதிரெதிரே நிற்கும் நாளில், நம் காலனி வீடுகளில் என்ன நிகழ்கிறது? தந்தை ஒரு பக்கம் அமர்கிறார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மகன் மறுபக்கம் அமர்கிறான். பள்ளியில் மலையாள நண்பர்கள், "நீ எந்தப் பக்கம்?" என்று அவனைக் கேட்கிறார்கள். கோடை விடுமுறைக்கு நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ சென்றால், அத்தை மக்களும் மாமன் மக்களும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். பிள்ளை நம்மிடம் வந்து, "அப்பா, நாம் எந்தப் பக்கம்?" என்கிறான். நாம் சிரித்து மழுப்புகிறோம். மழுப்புவதற்குரிய கேள்வி அன்று அது. ஒரு வீட்டில் பிறந்து மற்றொரு வீட்டில் உழைப்பவன் யாருக்கு உரியவன் என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இதற்கு விடை காண நாம் ஏடுகளைத் தேடவில்லை, ஆடுகளத்தைத் தேடினோம். ஓரிடத்தில் ஆடி, வேறிடத்தில் ஆசானாகி, இரண்டிடத்திற்கும் பெருமை சேர்த்த சிலர் கண்ணில் பட்டனர். முதலில் தொலைவில் உள்ள ஒருவரைப் பார்த்துவிட்டுப் பின்னர் நம் வாயிலுக்கு வருவோம்.

அன்பர்களே, ரக்பி என்னும் ஆட்டத்தை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி எதிரியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் ஆட்டம் அது. அதில் ஒரு விந்தையான விதி உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுத்தல் வேண்டும். முன்னேற விரும்புகிறவன், தனக்குப் பின்னால் ஓடி வருகிறவன் கையில் பந்தைக் கொடுத்தே முன்னேற வேண்டும். இவ்விதியைச் செல்வங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உரையின் இறுதியில் மீண்டும் இதற்கு வருவோம்.

இங்கிலாந்தில் இவ்வாட்டம் 1895-ஆம் ஆண்டு இரண்டாகப் பிளந்தது. பிளவின் காரணம் கூலி. வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர் சனிக்கிழமை ஆட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடு செய்ய வேண்டும் என்றனர் வடபகுதிக் கழகத்தார். விளையாட்டிற்குப் பணம் பெறுதல் இழுக்கு என்றனர் மற்றவர். ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய கழகங்கள் தனியே பிரிந்து சென்றன. நாளடைவில் பிரிந்தோர் ஆட்டம் 13 பேர் ஆடும் 'லீக்' ஆயிற்று. பழைய ஆட்டம் 15 பேர் ஆடும் 'யூனியன்' என நின்றது. யூனியனை விட்டு லீகிற்குச் சென்றவனுக்குத் திரும்பி வர வழியில்லை. தன் பழைய கழகத்தில் மீண்டும் ஆடும் உரிமையை அவன் இழந்தான். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1995-ஆம் ஆண்டு யூனியன் ஆட்டமும் ஊதியத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே அச்சுவர் இடிந்தது.

இடிந்த சுவரைக் கடந்து வந்தவர்களுள் ஒருவர் ஆண்டி ஃபாரெல். இவர் 1975-ஆம் ஆண்டு விகன் நகரில் பிறந்தவர். விகன் என்பது லீக் ஆட்டத்தைக் குலதெய்வம் போலப் போற்றும் ஊர். பதினாறு வயதில் அவ்வூர் அணியில் இடம்பெற்றார். 1996-ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், பிரிட்டன் லீக் அணியின் தலைவரானார். முப்பது வயதை எட்டும் நேரத்தில், 2005-ஆம் ஆண்டு, புகழின் உச்சியில் நின்றவர் யூனியன் ஆட்டத்திற்கு மாறினார். புதிய ஆட்டம் அவரைப் பூமாலையிட்டு வரவேற்கவில்லை. காயங்களால் ஓராண்டிற்கும் மேலாகக் களமிறங்க இயலவில்லை. 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்திற்காக ஆடினார். எனினும் லீகில் பெற்ற புகழை ஆட்டக்காரராக இங்கே அவர் பெறவில்லை. 2009-ஆம் ஆண்டு ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சியாளர் ஆனார்.

அங்கும் ஓர் அடி விழுந்தது. 2015-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே நடந்தது. ஃபாரெல் துணைப் பயிற்சியாளராக இருந்த இங்கிலாந்து, சொந்த மண்ணில் முதற் சுற்றிலேயே வெளியேறியது. அதன்பின் அவர் பதவியும் போயிற்று. அவரை அழைத்துக்கொண்டது அயர்லாந்து. இங்கிலாந்திற்கும் அயர்லாந்திற்கும் இடையே உள்ள வரலாற்றுக் கசப்பை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த அயர்லாந்துதான் ஓர் ஆங்கிலேயரிடம் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது. 2016-ஆம் ஆண்டு நியூசிலாந்தை வரலாற்றில் முதன்முறையாக அயர்லாந்து வென்றபோது, தற்காப்பு ஆட்டத்தின் பயிற்சியாளர் அவர். 2019 உலகக் கோப்பைக்குப் பின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2022-இல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை வென்றார்.

தாய்மார்களே, இனி வருவது குடும்பக் கதை. ஃபாரெலின் மகன் ஓவன், அப்போது இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்தார். 2023-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று டப்ளின் நகரில், ஆறு நாடுகள் போட்டியின் கடைசி ஆட்டம். தந்தை பயிற்றிய அயர்லாந்து ஒரு பக்கம். மகன் தலைமை தாங்கிய இங்கிலாந்து மறுபக்கம். 29-க்கு 16 என அயர்லாந்து வென்றது. அவ்வாண்டு ஆடிய ஐந்து ஆட்டங்களையும் வென்ற சிறப்பை அன்றே பெற்றது. தந்தை தன் கடமையைச் செய்தார். மகன் தன் கடமையைச் செய்தார். அதனால் அவர்கள் தந்தையும் மகனும் அல்லர் என்று ஆகிவிட்டார்களா? நம் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே அமரும் தந்தையும் மகனும் இக்காட்சியை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

தொலைவில் உள்ளதைக் கண்டோம். இனி நம் மண்ணிற்கு வருவோம். நம் மண்ணின் ஆட்டம் கால்பந்து. நாம் நினைவுகூர விரும்பும் பெயர் சைமன் சுந்தரராஜ்.

1960-ஆம் ஆண்டு ரோம் நகர ஒலிம்பிக் போட்டியில் ஆடிய இந்தியக் கால்பந்துக் குழுவில் இடம்பெற்ற தமிழர் இவர். அக்குழுவின் தலைவர் பி. கே. பானர்ஜி. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அக்குழுவில் முன்னணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்தராபாத் அருகே அம்முகூடாவில், நம்மைப் போலவே பிறமொழி நிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரோமில் நம் குழு ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. அதற்குப் பின் இன்று வரை இந்தியக் கால்பந்துக் குழு ஒலிம்பிக் களத்தில் கால் வைக்கவில்லை.

ரஹீமைப் பற்றி ஒரு சொல். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றனர். அத்தோல்விக்கு அஞ்சிப் பின்வாங்காமல், பத்தாண்டுகள் பொறுமையுடன் உழைத்து, 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் பெற்றுத் தந்தவர் ரஹீம். மறு ஆண்டே நோயால் மறைந்தார். ஒரு நல்லாசிரியர் மறைந்தால் அவர் கற்பித்தது மறைவதில்லை. அவரிடம் ஆடியவர்கள் நாட்டின் பல மூலைகளுக்கும் சென்று, கற்றதைப் பிறர்க்குக் கொடுத்தனர்.

அவர்களுள் பானர்ஜி சென்றது கல்கத்தா. அந்நகரத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்னும் இரு கழகங்களுக்கு இடையே உள்ள போட்டி குடும்பங்களையே இரண்டாகப் பிரிக்கும். ஆட்டக்காலத்தில் ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு ஆடிய பானர்ஜி, முதலில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளரானார். 1975-ஆம் ஆண்டு ஷீல்டு இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி மோகன் பகானை 5-0 என வென்றது. மறு ஆண்டே தோற்ற வீட்டார் அவரை அழைத்தனர், அவரும் சென்றார். 1977-ஆம் ஆண்டு பெலே ஆடிய அமெரிக்க அணியுடன் 2-2 எனச் சமன் செய்த மோகன் பகானின் பயிற்சியாளர் அவரே. எதிரெதிரான இரு வீடுகளிலும் அவரை ஆசான் என்றே அழைத்தனர்.

சைமன் சுந்தரராஜ் வந்தது இந்தக் கேரளத்திற்கு.

அக்காலக் கேரளக் கால்பந்தின் நிலையை இளையோர் அறிதல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலம் பிறந்தது. ஊர்தோறும் ஆட்டம் இருந்தது. மாலையில் மைதானம் நிறையும் கூட்டம் இருந்தது. சிறந்த ஆட்டக்காரர்கள் இருந்தனர். ரோம் சென்ற குழுவிலேயே கேரளத்தார் இருந்தனர். ஆயினும் 1941 முதல் நடந்துவரும் சந்தோஷ் கோப்பை கேரளத்தின் கைக்கு எட்டவில்லை. வங்காளம் வென்றது, மைசூர் வென்றது, ஹைதராபாத் வென்றது, கேரளம் பார்த்துக்கொண்டே நின்றது.

விளையாட்டிற்கு இங்கே ஓர் அமைப்பு வேண்டும் என்று முதலில் உழைத்தவர் நம் நகரத்தில் வாழ்ந்த கர்னல் கோதவர்ம ராஜா. பூஞ்சாறு அரச குடும்பத்தில் பிறந்து, திருமண உறவால் திருவனந்தபுரத்திற்கு வந்தவர். பூஞ்சாறு குடும்பத்தார் தம்மைப் பாண்டியர் வழியினர் எனக் கூறிக்கொள்வது மரபு. இம்மாநில விளையாட்டு மன்றத்தைத் தோற்றுவித்த அவர், 1971-ஆம் ஆண்டு வடக்கே ஒரு விமான விபத்தில் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 இன்று கேரளத்தின் விளையாட்டு நாள். அவர் நட்ட மரம் காய்த்ததை அவர் காணவில்லை.

அது காய்த்த ஆண்டு 1973. சந்தோஷ் கோப்பைப் போட்டி எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் நடைபெற்றது. கேரள அணியின் தலைவர், கண்ணூரைச் சேர்ந்த டி. கே. எஸ். மணி. துணைத் தலைவர், கொச்சியைச் சேர்ந்த டி. ஏ. ஜாஃபர். பயிற்சியாளர், நம் சைமன் சுந்தரராஜ். டிசம்பர் 27 அன்று இறுதி ஆட்டம். எதிரில் நின்றது ரயில்வே அணி. அதற்கு முன் மூன்று முறை கோப்பையை வென்ற வலிய அணி. 3-க்கு 2 எனக் கேரளம் வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் மணி ஒருவரே. அன்று முதல் தம் இறுதிநாள் வரை அவர் பெயர் 'கேப்டன் மணி' என்றே வழங்கியது.

அன்பர்களே, மூன்று கோல்களும் மணியின் கால்களிலிருந்தே பிறந்தன. அப்புகழ் முழுவதும் அவருக்கே உரியது. ஆனால் ஒரு குழு கோப்பையை வெல்ல வேண்டுமானால், பதினொருவர் ஒருவரையொருவர் நம்பக் கற்க வேண்டும். யார் எங்கே நிற்பது, யார் யாருக்குப் பந்தைக் கொடுப்பது, முன்னிலை பெற்ற பின் பதறாமல் ஆடுவது எப்படி, இவையெல்லாம் மைதானத்தில் கூட்டம் இல்லாத காலை வேளைகளில் கற்கப்படுபவை. கற்பிக்கிறவன் பெயர் கோல் பட்டியலில் வராது. ஆட்டம் நடக்கும்போது அவன் கோட்டிற்கு வெளியே நிற்கிறான். வென்றால் தலைவனைத் தோளில் தூக்குகிறார்கள். தோற்றால் பயிற்சியாளனைத் தேடுகிறார்கள். கேரளத்தின் பழைய கால்பந்து அன்பர் யாரிடமேனும் 1973 என்று சொல்லிப் பாருங்கள். மணியின் பெயர் உடனே வரும். சைமன் பெயர் சிறிது நேரம் கழித்து வரும். சிலரிடம் வராமலும் போகும்.

வராமற் போனாலும் கொடுத்தது வீணாகவில்லை. அதற்குச் சான்று கூறுகிறோம். 1973-க்குப் பின் கேரளம் மீண்டும் கோப்பையை ஏந்தப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் தொடர்ந்து நான்கு முறை இறுதி ஆட்டம் வரை சென்று தோற்ற துயரமும் உண்டு. 1992-ஆம் ஆண்டு அத்துயரம் தீர்ந்தது. வி. பி. சத்யன் தலைமையில் கேரளம் இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-0 என வென்றது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் யார்? 1973-இல் சைமனிடம் பயிற்சி பெற்ற துணைத் தலைவர் ஜாஃபர்! மறு ஆண்டும் அவர் பயிற்சியிலேயே கேரளம் வென்றது. 1992-இல் அவ்வெற்றி கிட்டிய இடம் எது தெரியுமா? நம் கோயம்புத்தூர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசானிடம் பயின்றவர், தம் மாணவர்களைத் தமிழ்நாட்டிற்கே அழைத்துச் சென்று கோப்பையை வென்று வந்தார். மணியும் ஜாஃபரும் 2017-ஆம் ஆண்டு மறைந்தனர். கேரளம் இதுவரை ஏழு முறை அக்கோப்பையை வென்றுள்ளது. அந்த ஏழில் முதலாவதன் பின்னே ஒரு தமிழர் நின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தமிழ்நாடு இன்று வரை சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. "நம் ஆசான் அயல் வீட்டிற்குக் கொடுத்ததை நம் வீட்டிற்குக் கொடுத்திருந்தால்?" என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயமான ஏக்கம் உள்ளது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கல்வி என்பது பெட்டியில் வைத்த பொன் அன்று, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு. அழைத்தவர் யார், களம் அமைத்துத் தந்தவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். ஃபாரெலுக்குப் பதவி இல்லாதபோது அழைத்தது அயர்லாந்து. சைமனை நம்பித் தன் பிள்ளைகளை ஒப்படைத்தது கேரளம். பிறமொழி பேசுகிறவன் என்று விலக்காமல் ஏற்றுக்கொண்ட மண்ணிற்கு நேர்மையாக உழைப்பது, தாய்மண்ணிற்குச் செய்யும் இழுக்கு ஆகாது. தாய்மண்ணின் பெயரை அங்கே நிலைநிறுத்தும் வழி அதுவே.

இந்நகரத்திலிருந்து தெற்கே கடற்கரையோடு சென்றால் பொழியூர் வரும். சந்தோஷ் கோப்பைக் குழுக்களுக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்த மீனவச் சிற்றூர் அது. அதற்கு அடுத்த கரை கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. 1956-இல் வரைந்த கோடு அந்த மணலின் மீதே செல்கிறது. காலையில் வலையிழுத்து, மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகள் கோட்டின் இருபுறமும் உண்டு. ஒரு புறத்துப் பிள்ளை உதைத்த பந்து மறுபுறம் உருண்டால், அங்குள்ள பிள்ளை அதைத் திருப்பி உதைக்கிறான். நம் வாழ்வும் அவ்வெல்லையோரத்து வாழ்வுதான்.

ஆகவே செல்வங்களே, "நாம் எந்தப் பக்கம்?" என்ற உங்கள் கேள்விக்கு எம் விடையைக் கூறுகிறோம். கைதட்டும்போது உங்கள் மனம் விரும்பும் பக்கம் தட்டுங்கள். தந்தை ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் இருந்தால் குற்றமில்லை. உழைக்கும்போது மட்டும், நீங்கள் நிற்கும் களம் எதுவோ அதற்கு முழுமையாக உழையுங்கள். தமிழை மறவாதீர்கள், மலையாளத்தை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் அறிந்தவனே இரு வீட்டிலும் ஆசானாக இருக்க முடியும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் காலனியிலும் இளமையில் கால்பந்தும் வலைப்பந்தும் சடுகுடும் நன்றாக ஆடியவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பின் அவ்வறிவு திண்ணைப் பேச்சாகவே கழிகிறது. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அருகிலுள்ள திடலில் நின்று, தமிழ்ப் பிள்ளை மலையாளப் பிள்ளை என்று பாராமல், வருகிற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் வென்ற பிள்ளைக்குப் பரிசு தரும்போது, அவனைப் பயிற்றியவர் பெயரையும் மேடையில் சொல்லும் வழக்கத்தை நம் சங்கம் தொடங்கட்டும். சைமன் சுந்தரராஜுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.

ரக்பி ஆட்டத்தின் விதியை நினைவில் இருத்தச் சொன்னோம் அல்லவா? பின்னால் வருகிறவன் கையில் பந்தைக் கொடுத்தே முன்னேற வேண்டும். ரஹீம் சைமனுக்குக் கொடுத்தார். சைமன் ஜாஃபருக்குக் கொடுத்தார். ஜாஃபர் சத்யனுக்குக் கொடுத்தார். ஹைதராபாத்திலிருந்து புறப்பட்ட பந்து, தமிழர் ஒருவர் கை வழியே கேரளம் வந்து சேர்ந்தது. இனி அது நம் கைக்கு வரும்போது பிடித்துக்கொள்வோம். பிடித்ததைப் பின்னால் வருவோர்க்குக் கொடுப்போம்.